பாவ் பெரோவில் கிற்றார் முதுகு: வன்னிப் பட்டறைக்கான குறிப்பு

பொலிவியா, பிரேசில் காடுகளின் பாவ் பெரோ மரம், ரோஸ்வுட்டுக்கு நல்ல மாற்று. தட்டினால் கணீரென்று ஒலிக்கும். முதுகுக்கு 210 × 550 மி.மீ. பலகை இரண்டு, பக்கத்துக்கு 120 × 800 மி.மீ. பட்டை இரண்டு வாங்குங்கள். மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரமாகவே இருக்கட்டும்.

தூசிதான் முதல் ஆபத்து. முதிரை அரிந்து தோல் கடித்தவர்களுக்கு இது புதிதல்ல; பாவ் பெரோ அதைவிடக் கடுமையாகவும் கடிக்கலாம். முகக்கவசமும் நீள்கைச் சட்டையும் இல்லாமல் அரத்தாளைத் தொடவேண்டாம்.

முதுகை 2.4, பக்கங்களை 2 மி.மீ. வரை இழையுங்கள். நார் திசை மாறுமிடத்தில் சீவுளி பிய்த்துவிடும். அங்கே சுரண்டு தகடே பாதுகாப்பு. பக்கப் பட்டைகளைச் சூடான குழாயில் ஏறத்தாழ 150 பாகை செல்சியசில், கொஞ்சம் நீர் தெளித்து, மெல்ல வளையுங்கள். அவசரப்பட்டால் இடுப்பு வளைவில் முறியும்.

மரத்தில் எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டுமுகத்தை அசிற்றோனால் துடைத்து, காய்ந்ததும் தாமதிக்காமல் பசை பூசுங்கள். இல்லையேல் நடு இணைப்பு பிறகு விடும்.

வன்னியில் பலரும் சறுக்குவது ஈரப்பதத்தில். மாரியில் ஈரம் குடித்த முதுகின் உட்புறத்தில் நாருக்குக் குறுக்கே தாங்குசட்டம் (பலகையைத் தாங்கும் மரச்சட்டம்) ஒட்டினால், காற்று உலர்ந்ததும் பலகை குறுக்காகச் சுருங்கும். சட்டமோ நீளவாக்கில் சுருங்காது. பலகை நார்வழியே வெடிக்கும். மூடிய அலுமாரியில் சிறு மின்குமிழ் எரியவிட்டு, ஈரமானியில் 45–50 வீதம் காட்டும்படி பலகையைச் சில வாரம் வைத்து, அதே ஈரத்தில் ஒட்டுங்கள்.