குளிர்க்கடலில் கேமரா கூட்டுக்குள் மூட்டம்: என் அனுபவம்

கேமராவை நீர் புகாத கூட்டில் பூட்டி, குளிர்க்கடலில் மூழ்கிப் படமெடுப்பவன் நான். நண்டோ கடல் அனிமோனோ, எதை எடுத்தாலும் படத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு மூட்டம். இறங்கிய உடனே இல்லை, சற்று நேரம் கழித்துத்தான்.

முதலில் கசிவு என்று சந்தேகம். மூடியில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவினேன், பலனில்லை. கசிந்திருந்தால் கூட்டின் அடியில் உப்புநீர் நின்றிருக்கும், அதுவும் இல்லை. அப்புறம் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை உள்ளே வைத்தேன். மூட்டம் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

பிடி கிடைத்தது வேறோர் இடத்தில்: முன்பக்கக் கண்ணாடி மட்டும்தான் மங்குகிறது, தடித்த பிளாஸ்டிக் பின்மூடி தெளிவாகவே இருக்கிறது. கண்ணாடி வெப்பத்தைச் சீக்கிரம் கடத்துவதால் கடலின் குளிர் முதலில் ஏறுவது அதில்தான். கூட்டை நான் மூடியதோ கதகதப்பான ஈர அறையில்; அந்தக் காற்றுதான் உள்ளே இருந்தது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். மீதி கண்ணாடியில் படியாமல் எங்கே போகும்?

சரி என்று, அந்த அறையில் கூட்டை மூடுவதை விட்டேன். கேமராவையும் திறந்த கூட்டையும் ஈரம் அகற்றும் கருவி ஓடும் அறையில் சில மணி நேரம் வைத்து, அங்கேயே பூட்டுகிறேன். பேட்டரி, கார்டு எல்லாம் முன்பே போட்டாயிற்று; படகில் திறப்பதே கிடையாது. சிலிக்கா ஜெல்லையும் சூடேற்றி உலர்த்திய பிறகே வைக்கிறேன். மூட்டம் போயே போச்சு.