நாரி பிடிக்காமல் இருக்க: உடற்பயிற்சியில் சுழற்சியையும் சேருங்கள்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் உடற்பயிற்சி செய்கிற பெடியள் பலர் தண்டால் எடுப்பார்கள், குந்தி எழும்புவார்கள், பாரம் தூக்குவார்கள். எல்லாம் மேலும் கீழும், முன்னும் பின்னும்தான். ஆனால் காலபோக அறுவடை வந்தால் நெல்மூட்டையைத் தூக்கித் திரும்பித்தானே லாண்ட்மாஸ்டர் பெட்டியில் போட வேண்டும். மம்பட்டியால் சேற்றை அள்ளி வரம்பில் போடுவதும், நந்திக்கடலில் வீச்சுவலை எறிவதும், கரப்பந்தில் எம்பி அடிப்பதும் உடம்பைச் சுழற்றுகிற வேலைகள். பழகாத அசைவில் திடீரென்று பாரம் ஏறினால் நாரி, அதாவது கீழ்முதுகு, பிடிக்கத்தான் செய்யும்.

சரி, எங்கிருந்து சுழல்வது? நாரியிலுள்ள 5 முள்ளெலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 பாகைதான் திரும்பும். விலா எலும்புகள் பொருந்திய 12 முள்ளெலும்புகளோ 30 பாகைக்கு மேல் திரும்பக்கூடியவை, இடுப்பு மூட்டும் நன்றாகச் சுழலும். இந்த இரண்டும் இறுகிப்போனால், அவை தராத சுழற்சியை நாரி தர வேண்டி வருகிறது. அதிலும் குனிந்தபடி பாரத்தோடு திரும்புவதுதான் மிக மோசம். கம்பைத் தோளில் வைத்து விசுக்கு விசுக்கென்று இடுப்பைத் திருப்புகிறார்களே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

முதலில் நெஞ்சுப் பகுதியைத் தளர்த்துங்கள். பாயில் பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள், இரண்டு கைகளும் முன்னால் நீட்டியிருக்கட்டும். மேற்கையை மெதுவாகத் தூக்கி மறுபக்கம் விரித்து, கண்ணாலும் அதைப் பின்தொடர்ந்து, மூச்சை விட்டபடி திரும்புங்கள். முழங்கால்கள் விலகக்கூடாது, விலகினால் நாரிதான் திரும்புகிறது. பக்கத்துக்கு 8 தடவை போதும். இடுப்புக்கு, நிலத்தில் உட்கார்ந்து கால்களை அகட்டி மடித்து, இரண்டு முழங்கால்களையும் ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம் சாயுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்: சுழலாமல் தாங்கப் பழகுவது. பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி, வேலித் தூணிலோ மரத்திலோ நெஞ்சு உயரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். தூணுக்குப் பக்கவாட்டாக நின்று, டியூப்பை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்து, நேரே முன்னால் தள்ளுங்கள். டியூப் உங்களைத் தூண் பக்கம் திருப்பப் பார்க்கும், நீங்கள் அசையாமல் 10 விநாடி நிற்க வேண்டும். வயிற்றின் பக்கத் தசைகள் இறுகுவது தெரியும். மூச்சை அடக்காதீர்கள்.

இரண்டு மூன்று கிழமை இப்படிப் பழகிய பிறகு, அதே டியூப்பைத் தோள் உயரத்திலிருந்து எதிர்ப்பக்கத்து இடுப்பை நோக்கிக் குறுக்கே இழுங்கள். இழுக்கும்போது தூண் பக்கத்துக் காலின் குதியைத் தூக்கி, பாதத்தையும் இடுப்பையும் நெஞ்சோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். மூட்டை தூக்கும்போதும் இதே முறைதான். கால் திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பக்கூடாது.

கிழமைக்கு 2 அல்லது 3 நாள் செய்தால் போதும். விடிய எழும்பியவுடன் செய்ய வேண்டாம், இரவில் முள்ளந்தண்டின் வட்டுகள் நீரை உறிஞ்சி ஊதியிருக்கும், ஒரு மணித்தியாலமாவது நடமாடிவிட்டுத் தொடங்குங்கள். நோ காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.