சித்திரைக்கு நேர் கீழே ஒரு கருந்துளை வழக்கு

ஒமேகா சென்டாரி என்ற உருண்டை நட்சத்திரக் கொத்தின் நடுவே கருந்துளை இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு எடை என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. சுமார் 1 கோடி நட்சத்திரங்கள் கொண்ட கொத்து அது; தூரம் 17,700 ஒளியாண்டு. டெல்லியில் அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் ஏறாமல் புழுதியில் மங்கிவிடும். ராமநாதபுரம் கரையிலோ 33 பாகை வரை வரும். அதனால் முதலில் பொருளைப் பாருங்கள், பிறகு ஆய்வுக்கட்டுரையைத் திறங்கள்.

தெற்கே கடல் இருக்கும் கரை வேண்டும். வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, பாம்பன் குந்துகால் எல்லாம் மன்னார் வளைகுடாப் பக்கம், சரியாக இருக்கும். தேவிபட்டினத்தில் கடல் கிழக்கே, தெற்கில் தரையும் விளக்கும்தான். அரிச்சல்முனை ஆசை வேண்டாம், பொழுது சாயும்போதே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கொத்து தன் பாதையின் உச்சிக்கு வரும் நேரம்: ஏப்ரல் நடுவில் நள்ளிரவு 12.15, மே நடுவில் இரவு 10.15, ஜூன் நடுவில் 8.15. அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாள் நல்லது. சித்திரா பௌர்ணமியன்று போனால் வீண். நிலா சித்திரை (ஸ்பைகா) நட்சத்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சித்திரைதான் வழிகாட்டி. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சிக்கு வருகின்றன. கையை நீட்டி முட்டி பிடித்தால் 10 பாகை. சித்திரை தெற்கே பார்த்து உச்சியில் நிற்கும்போது, அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முட்டி இறங்குங்கள். கடல் விளிம்பிலிருந்து மேலே மூன்று முட்டிக்குச் சற்று அதிகம். இரண்டு அளவும் ஒத்துப்போனால் இடம் சரி. 20 நிமிடமாவது கைபேசியைத் தொடாமல் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். வெறுங்கண்ணுக்குக் கலங்கலான ஒரு நட்சத்திரம். 10 மடங்கு, 50 மி.மீ. பைனாகுலரில் பஞ்சுப் பொட்டு. தனித்தனி நட்சத்திரமாகப் பிரிய 6 அங்குலத் தொலைநோக்கி வேண்டும்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலையும் உப்புச் சாரலையும் சேர்த்து வீசும். லென்ஸில் படிந்த உப்பைக் காய்ந்த துணியால் துடைத்தால் பூச்சு கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் மணலை ஊதிவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் நனைத்த லென்ஸ் துணியால் உப்பைக் கரைத்து ஒற்றி எடுங்கள்.

இனி கட்டுரை. நாசாவின் ஏடிஎஸ் (ADS) என்ற வானியல் கட்டுரைத் தேடுதளத்தில் கொத்தின் பெயரை ஆங்கிலத்தில் (Omega Centauri) போட்டு 2024-ஐத் தேர்ந்தெடுங்கள். ஜூலையில் நேச்சர் இதழில் வந்த கட்டுரை அகப்படும். இலவசப் பிரதி ஆர்க்சிவ் (arXiv) தளத்தில் உண்டு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 20 ஆண்டில் எடுத்த 500-க்கும் மேற்பட்ட படங்களை ஒப்பிட்டு, 14 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வை அளந்திருக்கிறார்கள். நடுவே ஏழு நட்சத்திரங்கள், கொத்தை விட்டே ஓடிவிட வேண்டிய வேகத்தில் போகின்றன. ஆனாலும் அங்கேயே இருக்கின்றன. நங்கூரம் போடாத வள்ளம் நீரோட்டத்தில் நகராமல் நின்றால் அடியில் ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிடிதான் கருந்துளை என்கிறார்கள், குறைந்தது 8,200 சூரிய எடை. யாரும் அதைப் படம் பிடிக்கவில்லை. செய்திகளில் முதலில் காணாமல் போவது அந்தக் ‘குறைந்தது’ என்ற சொல்தான்.

சுருக்கத்தோடு நிறுத்திவிடாமல், ஏடிஎஸ்ஸில் அதே கட்டுரையை மேற்கோள் காட்டிய பிற கட்டுரைகளின் பட்டியலைத் திறங்கள். சரக்கே அங்கேதான் இருக்கிறது. கொத்திலுள்ள பல்சார்களின் (சீராகத் துடிக்கும் நட்சத்திர எச்சங்கள்) துடிப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்ட இன்னொரு குழு, கருந்துளை இருந்தாலும் 6,000 சூரிய எடைக்கு மேல் போகாது என்கிறது. நடுவில் இருப்பது இறந்த நட்சத்திரங்களின் பரவலான கூட்டமாக இருக்கலாம் என்பது அவர்கள் கட்சி. ஒருவர் கீழ் எல்லை மற்றவர் மேல் எல்லையைத் தாண்டி நிற்கிறது, இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது. ஒவ்வொரு கணக்கும் எந்த ஊகத்தில் நிற்கிறது என்று வழிமுறைப் பகுதியில் பாருங்கள்.

ஏடிஎஸ்ஸில் கணக்குத் தொடங்கினால் புதிய கட்டுரை அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். வந்ததும் முதலில் தேட வேண்டியது: அந்த ஏழு நட்சத்திரங்களின் வேகம் மட்டுமல்லாமல், வேக மாற்றத்தையும் யாராவது அளந்திருக்கிறார்களா?