அயல்மொழிப் பட்டமா, ஏரியா ஸ்டடீஸா? சென்னை மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் முறை

இந்தியாவில் பி.ஏ.வில் கிடைப்பது பெரும்பாலும் மொழிப் பட்டம்தான். ஒரு பிராந்தியத்தின் அரசியல், பொருளாதாரம், வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும் ஏரியா ஸ்டடீஸ் எம்.ஏ.வில்தான் அதிகம். அதனால் இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள். டெல்லி ஜே.என்.யூ.வில் (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) இரண்டும் உண்டு. அங்கே பி.ஏ. ஆனர்ஸில் ஜப்பானியம், கொரியம், சீனம், ரஷ்யம், ஸ்பானியம் எல்லாம் எழுத்திலிருந்தே தொடங்கும். ஹைதராபாத் இஃப்லுவிலும் (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) அயல்மொழி பி.ஏ. இருக்கிறது.

படி 1: மொழியைப் பழகிப் பாருங்கள்

பிளஸ் ஒன் விடுமுறையே இதற்குச் சரியான நேரம். பிளஸ் டூ முடியும்வரை காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். ஜெர்மனுக்கு நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், கொரியத்துக்கு இன்கோ சென்டர், ஜப்பானியத்துக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய். தொடக்க நிலை ஒன்றை முடித்தாலே மொழி ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

ஜப்பானியம் தமிழருக்குத் தொடக்கத்தில் கைகொடுக்கும். 'மிசே நி இக்கிமாஸ்' என்பதை 'கடை-க்குப் போகிறேன்' என்று அதே வரிசையில் சொல்லலாம். வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். கொரியமும் அப்படித்தான். பேச்சு சுலபமாக வருகிறதே என்று கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளைத் தள்ளிப்போடுவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலிலேயே 2,136 எழுத்துகள் இருக்கின்றன. முதல் வாரத்திலிருந்தே நாளுக்கு மூன்று எழுதிப் பழகினால்தான் மூன்றாம் ஆண்டில் செய்தித்தாள் படிக்க முடியும்.

படி 2: பாடத்திட்டத்தை எண்ணிப் பாருங்கள்

பட்டத்தின் பெயரை நம்பாதீர்கள். பாடத்திட்டத்தை டவுன்லோடு செய்து, ஒவ்வொரு செமஸ்டரிலும் மொழித்தாள் எத்தனை, பேச்சுக்கும் கேட்டலுக்கும் தனி மதிப்பெண் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். மொழி இரண்டு செமஸ்டரில் நின்றுவிட்டால், அந்த நாட்டு மூலநூல்களை நீங்கள் வாசிக்கப்போவதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பையே நம்பியிருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் தமிழுக்குப் பதிலாகப் பகுதி 1 மொழிப்பாடமாக எடுக்கும் பிரெஞ்சும் மொழிப் பட்டமும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 3: கியூட் விண்ணப்பம்

ஜே.என்.யூ., இஃப்லு இரண்டுக்கும் பி.ஏ. சேர்க்கை கியூட் (CUET) எனும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. எந்தப் பட்டத்துக்கு எந்தத் தாள்களை எழுத வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்கிறது. தாளை மாற்றி எடுத்துவிட்டால் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் அந்தப் பட்டத்துக்குக் கணக்கில் வராது. அந்த ஆண்டின் தகுதிப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.