மனநல வாட்டில் ஒருவர் கொதிக்கும்போது செய்யக்கூடாதவை

ஆஸ்பத்திரியின் மனநல வாட்டில் ஒருவர் சத்தம் போடத் தொடங்கியதும் அவரைச் சுற்றி ஆட்கள் கூடிவிடுவார்கள். தாதி ஒன்று சொல்வார், சிற்றூழியர் இன்னொன்று சொல்வார், பார்க்க வந்த மாமா "சும்மா இரடா" என்று அதட்டுவார். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அந்த நிலையில் நாலு குரலைப் பிரித்துக் கேட்க யாராலும் முடியாது. ஒருவர் மட்டும் தணிந்த குரலில் கதைக்கட்டும். மற்றவர்கள் கூப்பிட்டால் வரும் தூரத்தில் நின்றால் போதும்.

கொழும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாட்டில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான். கொட்டாஞ்சேனைத் தமிழர் ஒருவர் சாதாரண நாளில் சரளமாகச் சிங்களம் கதைப்பார். பயத்தின் உச்சியில் அது வாய்க்கு வராது. பதில் சொல்லாததைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினால் அடிதடியில்தான் முடியும். தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு, "தம்பி, என்ன வேணும், சொல்லுங்கோ" என்று கேட்க வைக்கலாம்.

"சோற்றில் நஞ்சு கலக்கிறார்கள்" என்பவரிடம் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "அப்படித் தோன்றினால் பயமாகத்தானே இருக்கும்" என்றால் போதும். "நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்ற பொய்யும் கூடாது. நாளைக்கும் அதே வாட்டில்தானே அவர் முகத்தில் முழிக்க வேண்டும்!

எல்லாவற்றையும் "வருத்தம் கூடிட்டுது", அதாவது மனநோய் முற்றிவிட்டது, என்று முடிவு கட்டுவது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. இரத்தத்தில் சீனி குறைந்தாலும், காய்ச்சல் மூளையைக் குழப்பினாலும், குடியைத் திடீரென நிறுத்திய இரண்டு மூன்று நாளிலும் ஆள் மூர்க்கமாகலாம். மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளே சிலரை ஓரிடத்தில் இருக்கவிடாமல் தவிக்க வைக்கும். அதை ஆத்திரம் என்று நினைத்து அதே மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும்.

அப்புறம், வாசலை மறித்து நிற்காதீர்கள், பின்னால் போய்த் தொடாதீர்கள். இரண்டு கை நீளமாவது தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். குப்புறக் கிடத்தி முதுகிலோ கழுத்திலோ அழுத்துவது மூச்சை நிறுத்திவிடக்கூடும். பிடித்து வைத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், அது பயிற்சி பெற்ற ஊழியர்களின் வேலை. உறவினர் உதவிக்குப் பாயக் கூடாது.

வீட்டில் இப்படி நடந்தால் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம், அம்புலன்ஸுக்கு 1990. கை ஓங்கும் நிலை வந்துவிட்டால் பிள்ளைகளோடு வெளியே போய்விட்டு, பிறகு போனை எடுங்கள்.