ஏசி கேஸ் போடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

கார் ஏசி குளிரவில்லை என்றதும் 'கேஸ் தீர்ந்திருக்கும்' என்று சொல்லாதவர் இல்லை. நானும் அதை நம்பி, ஒரே கோடையில் இரண்டு தடவை கேஸ் போட்டுக்கொண்டேன். கோளாறு இருந்ததோ வேறு இடத்தில். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

முதலில், காற்று வரவில்லையா, குளிர் வரவில்லையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். காற்றே மந்தம் என்றால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். என்னுடையதை முதல்முறை உருவியபோது சருகும் தூசும் அப்பி, பழைய கம்பளித் துண்டு மாதிரி இருந்தது. ஃபேன் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறதா? ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும்.

காற்று வருகிறது, குளிர்தான் இல்லை. சரி, இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறங்கள். கையும் சட்டையும் பெல்ட் பக்கம் போக வேண்டாம். உள்ளே ஒருவரை உட்காரவைத்து ஏசியைப் போடச் சொல்லிவிட்டு, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் முன்பக்கத்தைக் கவனியுங்கள். பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி எப்போதும் சுற்றும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதன் முகப்பில் இருக்கும் கிளட்ச் தட்டு 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். (கிளட்ச் இல்லாத கம்ப்ரசர்களும் உண்டு, அவற்றில் இந்தச் சோதனை செல்லாது.) ஒட்டவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் ரிலே, அதாவது கம்ப்ரசருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் சின்ன மின்சுவிட்ச். ஹார்ன் ரிலேயும் அதே எண் கொண்டதாக இருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு இடம் மாற்றி மாட்டிப் பார்க்கலாம். இரண்டும் நன்றாக இருந்தால், கேஸ் மிகவும் குறைந்து ப்ரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

கசிவு தன் தடயத்தை விட்டுத்தான் போகும். கேஸோடு கொஞ்சம் ஆயிலும் வெளியே வரும். அதில் தூசு ஒட்டிக் கறுப்புப் பிசுக்காக நிற்கும். இன்ஜின் ஆறியதும் பைப் மூட்டுகளிலும் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் ஓரங்களிலும் விரலால் தடவிப் பாருங்கள். காருக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குளிரும்போது காற்றின் ஈரம் வடிவதுதான் அது, நல்ல அறிகுறி.

இனி என் கதை. ஓடும்போது ஜில்லென்று இருக்கும், சிக்னலில் நின்றால் வெக்கை. கண்டன்சர் ஃபேன் சுற்றவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். ஓட்டத்தில் எதிர்க்காற்று அதன் வேலையைச் செய்துவிடுகிறது, நின்றால் செய்ய ஆளில்லை. சாவியை எடுத்துவிட்டு இறக்கையை விரலால் தள்ளினேன், அசையவே இல்லை. மோட்டார் இறுகிப்போயிருந்தது. இரண்டு முறை கேஸ் போட்டவர்கள் அந்த ஃபேனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் குளிர்ந்துவிட்டு, பிறகு காற்று மெலிந்துகொண்டே போனால் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று திரும்பினால், மெக்கானிக்கிடம் டெம்பரேச்சர் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ்தான் குறைவு என்று உறுதியானாலும், கசிவை அடைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்கம் இழுத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். பைப் மூட்டை மட்டும் நீங்களே கழற்றிவிடாதீர்கள். பீறிடும் கேஸ் பட்ட இடத்தில் தோல் உறைந்து புண்ணாகிவிடும்.