அறுபதுக்கு மேல் நல்ல பழக்கம் பாதியில் நிற்பது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் பினாங்கு பொட்டானிக்கல் கார்டனுக்குப் போய்ப் பாருங்கள். புதுக் காலணி, கையில் தண்ணீர்ப் போத்தல் என்று அறுபது, எழுபது வயதுக்காரர்கள் நிறையப் பேர் நடப்பார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் மூச்சு வாங்கியது இன்னும் மறந்திருக்காது. அப்புறம் ஒரு கல்யாண வீடு, ஒரு காய்ச்சல், நாலு நாள் மழை. பாதிப் பேரைக் காணோம். சோம்பேறித்தனம் என்று வீட்டுப் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் தொடங்கிய விதத்தில்தான் கோளாறு.

இளையவர்களின் கணக்கைத் தனக்கு வைத்துக்கொள்வது முதல் கோளாறு. மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் ஒரு நாளைக்கு 10,000 காலடி கேட்கிறது. முழங்கால் வலியோடு 5,000 நடந்தவருக்கு அன்று தோற்றுவிட்ட நினைப்பு. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக வைத்த பெயரில் இருந்த எண் அது. ஆய்வு செய்து கண்டதல்ல. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்தான் அதிகம் நடப்பார் என்பதும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும், சரி. ஆனாலும் 5,000 அடி நடந்தவர் முகத்தைத் தொங்கப்போட ஒரு காரணமும் இல்லை. கடிகாரத்தில் அந்த இலக்கைக் குறைத்துவிடலாம், மகனிடம் கேட்டால் மாற்றித் தருவார்.

ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நினைப்பது அடுத்தது. மூன்று வாரம் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஊரில் சொல்வதை நம்பி, நாலாவது வாரமும் கஷ்டமாக இருந்தால் மனம் விட்டுவிடுகிறது. லண்டனில் 2010இல் வெளிவந்த ஆய்வில், ஒரு செயல் தன்னால் நடக்கும் அளவுக்குப் பழக ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆனது. நடுவில் நிற்கும் எண் 66. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பெரிய பின்னடைவு எதுவும் இல்லை. ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்காமல், ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு கோத்துவிடுங்கள். பசியாறித் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போடுவது என்று ஆகிவிட்டால், நடப்பதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது.

அதிகம் பேசவேண்டியது, நடந்தபின் கூடும் தே தாரிக் (பால் தேநீர்) மேசையைப் பற்றி. நடந்து முடித்துக் கடையில் உட்கார்ந்து பரோட்டா போன்ற ரொட்டி சானாய், சுண்டிய பால் ஊற்றிய தே என்று சாப்பிட்டால், நடந்து எரித்த கலோரி அங்கேயே திரும்பி வந்துவிடும். இது எல்லாருக்கும் தெரியும். அதனால் கண்டிப்பான சிலர் கடைப்பக்கமே போவதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. காலை ஏழு மணிக்கு அவர்களை வீட்டை விட்டுக் கிளப்பியது உடற்பயிற்சி மோகம் இல்லை. அந்த மேசையில் இருக்கும் நாலு பேர். யாருக்குப் பேரன் பிறந்தான், யாருடைய வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்ற பேச்சு. மேசையை விட்டவர் சில வாரத்தில் நடையையும் விட்டுவிடுகிறார். மேசை இருக்கட்டும், கிளாசில் இருப்பதை மாற்றுங்கள். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. முதல் வாரம் கசக்கத்தான் செய்யும், அதற்கு "கூராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று சொல்லிச் சீனியைப் படிப்படியாகக் குறைக்கலாம். ரொட்டி சானாய் ஒன்றை இருவர் பிய்த்துச் சாப்பிடலாம்.

வீட்டுச் சாப்பாட்டிலும் இதே கதைதான். சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் பத்து நாள்கூடத் தாங்காது. சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" நமக்கு ஒத்துவரும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மிச்சப் பாதி காய்கறியும் பழமும்.

நடை மட்டும் போதும் என்று இருப்பவர்கள் கால் பலத்தை மறந்துவிடுகிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலசைவோடு, 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஜிம் வேண்டாம். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். "தொப்"பென்று விழக்கூடாது, இறங்கும்போதுதான் தொடைக்கு வேலை. சோறு வேகும் நேரத்தில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். செப்டம்பர், அக்டோபர் மழையில் வெளியே போக முடியாத நாள்களுக்கும் இது கைகொடுக்கும்.

தினமும் எடை பார்ப்பது வேண்டாத வேலை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு எடுக்கும் எச்பிஏ1சி சோதனை இரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. இரண்டு வாரம் நடந்துவிட்டு அதில் மாற்றம் தேடினால் ஏமாற்றம்தான். எண் நன்றாக வந்துவிட்டது என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசம். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்கப் போகாதீர்கள். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. "அப்பா, இன்னைக்கு நடந்தீங்களா?" என்று தினமும் வாட்ஸாப்பில் கேட்பது கண்காணிப்பாகத்தான் போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமை கூட வந்து நடங்கள், அது போதும்.

காய்ச்சலோ ஆஸ்பத்திரியோ வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டால் இந்த வயதில் தசை வேகமாகக் குறையும். எழுந்ததும் பழைய தூரத்தை எட்டப் பார்த்துச் சோர்ந்து, நமக்கு இனி ஆகாது என்று உட்கார்ந்துவிடுபவர்கள் நிறைய. பாதித் தூரத்தில் தொடங்குங்கள். அதுவும் அதிகமாகத் தெரிந்தால் வாசல்வரை போய்த் திரும்பினாலும் அன்றைய கணக்கு முடிந்தது.